பக்கத்துக் கரை

அப்பா ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். குனிந்து ஒரு கை மணலை அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டார். உள்ளங்கையில் மிஞ்சியதைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது இந்த எடத்து மண்ணு இல்லம்மா. கொண்டாந்து போட்டது."

அப்பா இருபத்திரண்டு வருஷம் மணல் லோரி ஓட்டியவர். டெங்கில், பூச்சோங் பக்கத்துப் பழைய ஈயக்குட்டைகளில் மணல் ஏற்றி கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க இறக்கியவர். மணலைப் பற்றி அவர் சொன்னால் நான் மறுத்துப் பேசுவதில்லை. இந்த முறை மறுக்கவும் ஒன்றுமில்லை. நாங்கள் நின்ற இடம் 1960களின் தொடக்கத்தில் கடல். 1966இல் தொடங்கிய நிலமீட்புப் பணிகள் இருபது வருஷத்துக்குக் கிட்ட நடந்து, 1500 ஹெக்டேருக்கும் மேல் புது நிலத்தை உண்டாக்கின. முதல் கட்டங்களுக்கு பிடோக், தெம்பனிஸ் பக்கத்துக் குன்றுகளை வெட்டி, மண்ணை கன்வேயர் பெல்ட்டில் கரைக்குக் கொண்டுவந்து கொட்டினார்கள். மரின் பரேட் அடுக்குமாடிகளும் நாங்கள் மீன் சூப் குடித்த உணவங்காடியும் நிற்பது அப்படி வந்த நிலத்தில்தான்.

கொஞ்ச தூரம் நடந்தோம். கடலுக்குள் கருங்கற்களைக் குவித்திருந்த ஒரு முனையில் அப்பா மறுபடி நின்றார். "கல்லுக்கு இந்தப் பக்கம் மேடா இருக்கு, அந்தப் பக்கம் வழிச்சு எடுத்த மாரி இருக்கு. ஏன்?"

எனக்கு விளக்கத் தெரிந்திருந்தது. ஒரு வருஷம் முன்னால் புதுச்சேரிக்குப் போய்வந்ததிலிருந்து இந்த விஷயத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

அலை கரைக்கு நேராக வருவது அபூர்வம். கொஞ்சம் சாய்ந்துதான் வரும். ஏறும்போது மணலைச் சாய்வாக மேலே தள்ளும். இறங்கும்போது தண்ணீர் சரிவைப் பார்த்து நேராகக் கீழே இறங்கும். ஒரு மணற்துகள் சாய்வாக ஏறி, நேராக இறங்கி, மறுபடி சாய்வாக ஏறி, கரையோரமாகவே நடந்துகொண்டிருக்கும். ஒரு அலைக்குச் சில அடிதான். ஆனால் அலை ஓய்வதில்லை. கடற்கரை என்று நாம் சொல்வது ஒரு இடமே இல்லை, ஒரு ஊர்வலம். நேற்று நம் காலடியில் இருந்த மணல் இன்று பக்கத்து ஊருக்குப் போயிருக்கும், நமக்குப் பின்னாலிருந்த ஊரின் மணல் நம்மிடம் வந்திருக்கும். வரவும் செலவும் சமமாக இருக்கிறவரைக்கும் கரை அப்படியே இருப்பதுபோலத் தோன்றும்.

அந்த ஊர்வலத்துக்குக் குறுக்கே ஒரு கல்வரிசை போட்டால் மணல் வருகிற பக்கம் நின்று குவியும். மறுபக்கம் அலை வழக்கம்போல மணலை எடுத்துப் போகும், ஆனால் எடுத்த இடத்தை நிரப்ப மணல் வராது. ஈஸ்ட் கோஸ்ட்டில் இது தெரிந்துதான் கட்டினார்கள். இயற்கையான வளைகுடாக்களின் வடிவத்தைப் பார்த்து, கல்முனைகளை இடைவெளி விட்டு வைத்து, நடுவில் கரை பிறை மாதிரி வளைந்து அடங்கட்டும் என்று விட்டார்கள். அப்படியும் அரிப்பு முழுக்க நின்றுவிடவில்லை.

அப்பா கேட்டுக்கொண்டே வந்தார். எப்போதும் ஏதாவது பதில் சொல்கிறவர், அன்றைக்கு ஒன்றும் சொல்லவில்லை.

*

இதில் ஒரு அறக்கேள்வி இருக்கிறது என்பது எனக்கு உடனே பிடிபடவில்லை. முதலில் அது பொறியியல் தவறாகத்தான் தெரிந்தது.

சென்னை மெரினாவை எடுத்துக்கொள்வோம். கதைகளிலும் சினிமாவிலும் பார்த்துப் பார்த்து, ஒருமுறைகூட போகாத மலேசியத் தமிழருக்கும் சொந்தமாகிவிட்ட கடற்கரை அது. அந்த அகலம் ஆதிகாலத்திலிருந்து இருந்ததில்லை. 1870களின் பின்பாதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்களை நீட்டினார்கள். சோழமண்டலக் கரையில் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மணல் தெற்கே போகும். வருஷத்தின் மீதிப் பகுதியில் வடக்கே போகும். கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். சுவர் அதை மறித்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்தது. அங்கே கரையை வடக்கு நோக்கிக் கல்லால் கட்டிக்கொண்டே போகவேண்டியிருந்தது. நாம் சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே நடக்கிற அந்த மணலில் வடசென்னைக் குப்பங்களுக்குப் போய்ச்சேராத மணலும் இருக்கிறது.

யாராவது திருடினார்களா? இல்லை. ராயபுரத்துக்குப் போய் ஒரு வண்டி மணலைக்கூட யாரும் அள்ளிவரவில்லை. துறைமுகம் கப்பலுக்காகக் கட்டப்பட்டது. இங்கேதான் நான் தடுக்கினேன். அடுத்தவரிடமிருந்து எடுத்தால் திருட்டு என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். அடுத்தவருக்குப் போக வேண்டியதைப் போகவிடாமல் நிற்பதற்கு என்ன பேர்? அதுவும் அவருக்குப் போகிறது என்றே தெரியாமல், நம்முடையதைக் காப்பாற்றிக்கொள்வதற்காக மட்டும் நின்றிருந்தால்?

*

புதுச்சேரிக்கு ஒரு தோழியின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். கல்யாணத்துக்கு மறுநாள் அவளுடைய அண்ணன் ஸ்கூட்டரில் வடக்கே கூட்டிப்போனார்.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக இரண்டு கல்சுவர்களைக் கட்டினார்கள். சென்னையில் நூறு வருஷம் முன்னால் நடந்தது இங்கேயும் நடந்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்தது. சாலையைக் காப்பாற்றக் கருங்கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்தில் சாலை தப்பியது. ஆனால் அரிப்பு கல்வரிசை முடிகிற இடத்துக்கு நகர்ந்தது. அங்கே வைத்திக்குப்பம், சோலை நகர். அங்கேயும் கல் போட்டார்கள். அதற்கு அடுத்து யூனியன் பிரதேசம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. தந்திராயன்குப்பம், நடுக்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம். அரிப்புக்கு மாநில எல்லை தெரியாது. அதுவும் வடக்கே ஏறிக்கொண்டே போனது.

ஒரு குப்பத்தில் கல்மேட்டின் மேல் ஒரு ஆயா உட்கார்ந்து கருவாடு திருப்பிப்போட்டுக்கொண்டிருந்தார். முன்பு மணலில் காயவைத்ததை இப்போது வலைவிரித்த சிமெண்டுத் தரையில் காயவைக்கிறார். படகு எங்கே நிற்கிறது என்று கேட்டேன்.

"படவு இங்க எங்கம்மா ஏத்துறது? கல்லுல மோதுனா ஒடஞ்சிடும். அந்தாண்ட கொஞ்சம் மணலு கீது, அங்க இட்டும் போயி ஏத்துறாங்க."

"அப்போ இந்தக் கல்ல யாரு கேட்டா?"

ஆயா என்னை நிமிர்ந்து பார்த்தார். கேள்வியே தப்பு என்பதுபோல. "நாங்கதான் கேட்டோம். ரோட்ட மறிச்சிக் கேட்டோம். ரெண்டு வரிச வூடு போயிடுச்சி. கேக்காம என்னா பண்றது?"

கொஞ்ச நேரம் கழித்து வடக்கே கையைக் காட்டினார். "இப்ப அவங்க கேக்கறாங்க."

தமிழ்நாட்டு மீனவர் போராட்டச் செய்திகளில் அடிக்கடி வருகிற ஒரு சொல் 'தூண்டில் வளைவு'. கடலுக்குள் வளைத்துக் கட்டுகிற கல்தடுப்புக்கு அதுதான் பேர். 'தூண்டில் வளைவு அமைத்துத் தரக் கோரி மீனவர்கள் மறியல்' என்று செய்தி வரும். அதைப் படிக்கும்போது இப்போதெல்லாம் எனக்கு அந்த ஆயாவின் கைதான் ஞாபகம் வரும். ஒரு ஊரின் நியாயமான கோரிக்கை நிறைவேறியதும் அடுத்த ஊரின் நியாயமான கோரிக்கை பிறக்கிறது. பாதிக்கப்பட்டவர்தான் அடுத்த பாதிப்புக்குக் காரணமாகவும் ஆகிறார். வரிசையில் ஒருவர்கூட கெட்டவர் இல்லை. ஆனால் கடைசி ஊருக்குப் போகப்போக மணல் மட்டும் இல்லை.

அந்தக் கல்கூட எதைக் காப்பாற்றியது என்று பார்க்க வேண்டும். வீடு தப்பியது, கரை போனது. நகரத்திலிருந்து வருகிறவனுக்குக் கடற்கரை காற்று வாங்கும் இடம். மீனவருக்கு அது படகுத்துறை, வலை பிரிக்கும் களம், மீன் ஏலம் போடும் சந்தை, பிள்ளைகள் விளையாடும் திடல். கல் வந்ததும் இத்தனையும் போய்விட்டன. வீட்டைக் காப்பாற்ற அந்த வீட்டின் பிழைப்பைக் கொடுக்க வேண்டியிருந்தது.

*

ஊர் திரும்பியதும் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஒரு நண்பர், சுற்றுச்சூழல் படித்தவர், சட்டென்று சொன்னார்: "கல்லே போடக்கூடாது. கடலோட சண்ட போடாம பின்வாங்கிப் போயிடணும்." புத்தகப்படி அது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்தை சிங்கப்பூரில் பதினோராவது மாடியில் உட்கார்ந்து சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பின்வாங்கச் சொல்லி யாரைக் கேட்கிறோம்? துறைமுகத்தைக் கேட்பதில்லை. சாலையோர அரசுக் கட்டடங்களைக் கேட்பதில்லை. குப்பத்தைத்தான் கேட்கிறோம். கரையிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே கட்டித்தருகிற வீட்டிலிருந்து விடிகாலை இரண்டு மணிக்குக் கடலின் நிறத்தைப் பார்க்க முடியாது.

அப்படியென்றால் எல்லோரும் அப்பாவிகள், யாரையும் ஒன்றும் கேட்க முடியாது என்று விட்டுவிடலாமா? அதையும் நான் ஏற்கவில்லை. வரிசையில் எல்லோரும் கல் போட்டவர்கள்தான், ஆனால் எல்லாக் கல்லும் ஒரே எடை இல்லை. முதல் கல்லைப் போட்டவருக்கு நேரம் இருந்தது, பணம் இருந்தது, வேறு வழி இருந்தது. கடைசிக் கல்லைக் கேட்டவருக்கு வாசலில் கடல் இருந்தது. புதுச்சேரியில் என்ன நடக்கும் என்பதும் தெரியாத ரகசியமாக இல்லை. சென்னை கண்முன்னால் இருந்தது. தெற்கே சேர்கிற மணலை வடக்கே இறைத்துக் கொட்டும் ஏற்பாடு துறைமுகத் திட்டத்திலேயே இருந்தது. அது தொடர்ந்து நடக்கவில்லை என்பதுதான் கதை.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு பிடி கிடைத்தது. தவறு சுவரைக் கட்டியதில் மட்டும் இல்லை. கட்டிய பிறகு மணலைச் சுமக்காமல் விட்டதில் இருக்கிறது.

இப்படிச் சுமக்கிற ஊரும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸும் குவீன்ஸ்லாந்தும் சந்திக்கிற எல்லையில் ட்வீட் ஆறு கடலில் கலக்கிறது. 1960களில் படகுகள் பத்திரமாகப் போய்வர முகத்துவாரத்தின் கல்சுவர்களை நீட்டினார்கள். மணல் தெற்கே தேங்கியது. எல்லைக்கு வடக்கே கோல்ட் கோஸ்ட்டின் கடற்கரைகள் மெலிந்தன. சுவர் ஒரு மாநிலத்தில், இழப்பு இன்னொரு மாநிலத்தில். பல வருஷ இழுபறிக்குப் பிறகு இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் செய்து, சட்டம் போட்டு, செலவைப் பங்கிட்டுக்கொண்டன. 2001இலிருந்து தெற்கே கடலுக்குள் நீண்ட ஒரு பாலத்தின் அடியில் பம்புகள் மணலை உறிஞ்சி, ஆற்றுக்கு அடியில் குழாய் வழியாக வடக்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றன. வருஷத்துக்கு ஏறத்தாழ ஐந்து லட்சம் கன மீட்டர். சுவர் அப்படியே இருக்கிறது, மணலும் போய்ச்சேருகிறது. அங்கேயும் குறைகள் உண்டு. மணல் அதிகமாகக் கொட்டப்பட்டதாகச் சண்டை வந்த காலமும் உண்டு. ஆனாலும் 'நீ நிறுத்தினாய், ஆகவே நீ சுமக்க வேண்டும்' என்பதை இரண்டு அரசாங்கங்கள் ஒத்துக்கொண்டிருக்கின்றன.

புதுச்சேரியிலும் 2018 வாக்கில் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவில் ஒரு இரும்புத் திட்டை இறக்கி, மணலும் கொட்டினார்கள். காணாமல்போன கடற்கரையில் கொஞ்சம் திரும்பி வந்தது. பிள்ளைகள் மறுபடி மணலில் விளையாடினார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அது திரும்பி வந்தது நகரத்துக்கு முன்னால். ஆயா கைகாட்டிய திசையில் இல்லை.

சுவருக்கும் சுமப்பதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. சுவரை ஒருமுறை கட்டினால் போதும். திறப்புவிழா நடத்தலாம், கல்வெட்டு வைக்கலாம். மணலை வருஷா வருஷம் இறைக்க வேண்டும். அதற்கு ரிப்பன் வெட்ட முடியாது. நாம் செய்கிற நல்லதையும் கெட்டதையும் ஒருமுறை நடந்து முடிகிற காரியங்களாகவே நினைத்துப் பழகிவிட்டோம். செய்தேன், வருந்தினேன், ஈடு கொடுத்தேன், முடிந்தது. ஆனால் நான் நிற்கிற இடமே அடுத்தவருடைய வரத்தை மறிக்கிறது என்றால் என் கடன் நான் நிற்கிறவரைக்கும் தீராது. குறளில் ஒப்புரவறிதல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதைப் பள்ளியில் 'உதவி செய்தல்' என்று படித்தேன். இப்போது யோசித்தால், தேங்கியதைத் தேங்கவிடாமல் நகர்த்திக்கொண்டே இருக்கும் அன்றாட வேலையாகத் தெரிகிறது.

*

ஈஸ்ட் கோஸ்ட்டிலிருந்து வீடு திரும்பிய அன்றிரவு அப்பா பால்கனியில் உட்கார்ந்திருந்தார். தேத்தண்ணி கொடுக்கப் போனபோது கேட்டார்: "அப்போ நம்ம வீட்டுச் சிமெண்டு?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி நின்றேன்.

2021 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தாமானில் இடுப்பளவு தண்ணீர். அம்மாவின் தையல் இயந்திரம், என் பள்ளிப் புத்தகங்கள், அப்பாவின் லோரிக் காலத்துப் போட்டோக்கள் எல்லாம் போயின. மறுவருஷம் நான் அனுப்பிய பணத்தில் அப்பா வாசலை இரண்டடி உயர்த்திச் சிமெண்டு போட்டார். ஓரத்தில் இருந்த சின்ன லோங்காங்கையும் மூடி மேடாக்கினார். வரிசையில் முக்கால்வாசிப் பேர் அதையே செய்தார்கள். செய்யாதவர் பக்கத்து வீட்டு ஆண்டி. புருஷன் இல்லை, மகன் ஈப்போவில். அவர் வாசல் பழைய மட்டத்திலேயே இருந்தது. இப்போது கொஞ்சம் பலமாக மழை பெய்தாலே எங்கள் வாசல் தண்ணீர் அவர் வரவேற்பறைக்குப் போகிறது. அப்பா அதை எனக்குப் போனில் சொன்னதே இல்லை. சிங்கப்பூர் வந்து, கல்லுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளத்தைப் பார்த்த பிறகுதான் சொன்னார்.

அந்த ஆண்டிதான் நான் பள்ளிவிட்டு வந்தால் சோறு போட்டவர். போன் செய்தேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வந்தேன். அவர் சிரித்தார். "மழத் தண்ணிதானேம்மா. யாரப் போயி என்ன சொல்ல முடியும்?"

யாரையும் சொல்ல முடியாதுதான். அதுதான் சங்கடம். அவர் என்னைத் திட்டியிருந்தால் எளிதாக இருந்திருக்கும்.

அப்பா ஒரு யோசனை சொன்னார். எங்கள் சிமெண்டை உடைத்துக் குறுக்கே ஒரு லோங்காங் எடுத்து, இரும்புக் கம்பி மூடி போட்டு, ஆண்டி வாசல் தண்ணியையும் சேர்த்து ரோட்டோரக் கால்வாயில் விடுவது. நாலாயிரம் ரிங்கிட்டுக்குக் கிட்ட ஆகும். ஒப்புக்கொள்கிறேன், என் வாயில் முதலில் வந்தது இது: "அவங்க வீட்டுத் தண்ணிக்கு நாம ஏம்ப்பா செலவு பண்ணணும்?" அதைச் சொன்னது புதுச்சேரிக்குப் போய்வந்து, ட்வீட் ஆற்றைப் பற்றி எல்லாம் படித்து முடித்திருந்த அதே ஆள்தான்.

அப்பா கோபப்படவில்லை. "அவங்க தண்ணி இல்லம்மா, அது நம்ம தண்ணி" என்றார்.

லோங்காங் இப்போது இருக்கிறது. அது எல்லாவற்றையும் சரிசெய்துவிடவில்லை. சாதாரண மழைக்குத் தாங்கும், ஆறு பெருகினால் எங்கள் வீடும் போகும், ஆண்டி வீடும் போகும். மூடியில் இலை அடைக்கிறது. வாரம் ஒருமுறை அப்பா குனிந்து அள்ளிப்போடுகிறார். அவருக்கு அறுபத்தெட்டு வயது. அவருக்குப் பிறகு யார் அள்ளுவார்கள் என்பதை நாங்கள் இன்னும் பேசவில்லை.

*

நான் வாழ்கிற ஊர் அறுபது வருஷத்தில் 580 சதுர கிலோமீட்டர் சொச்சத்திலிருந்து 730ஐத் தாண்டி வளர்ந்திருக்கிறது. அந்த வளர்ச்சிக்கான மணல் வெளியூர்களிலிருந்தும் வந்தது. 1997இல் மலேசியா, 2007இல் இந்தோனேசியா, 2017இல் கம்போடியா என்று ஒவ்வொரு நாடாக மணல் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. இந்த நூற்றாண்டின் முடிவில் இங்கே கடல்மட்டம் 1.15 மீட்டர்வரை உயரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதனால் ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு எதிரே 800 ஹெக்டேரில் 'லாங் ஐலண்ட்' எழுப்பும் திட்டத்தை 2023இல் அறிவித்தார்கள். நாங்கள் நடந்த கரையை அது காக்கும். எனக்கு அது வேண்டும். என் வீடு, என் மகளின் பள்ளி எல்லாம் இந்தப் பக்கம்தான். வேண்டாம் என்று எழுதினால் அது பொய்.

ஆனால் வேண்டும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளவும் முடியவில்லை. அந்த மணல் எங்கிருந்து வரும், அது வராமல்போன கரையில் யார் கருவாடு காயவைக்கிறார்கள், அவர்களுக்கு நாங்கள் வருஷா வருஷம் எதைச் சுமந்துகொடுக்கப் போகிறோம் என்று கேட்க வேண்டியிருக்கிறது. பதில் வருகிறதோ இல்லையோ, கேட்பதை வருஷா வருஷம் செய்ய வேண்டியிருக்கிறது.

அன்றைக்குக் கடற்கரையை விட்டுக் கிளம்பும்போது அப்பா பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைத் தட்டினார். ஒட்டியிருந்த மணலை ஈரத்துணியால் துடைத்து, எழுந்துபோய்த் துணியைக் கரையிலேயே உதறிவிட்டு வந்தார். லோரிக்காரரின் பழக்கம். இறக்கிய இடத்தில் ஒரு பிடி குறைந்தாலும் கணக்கு இடிக்கும் என்பார்.